தண்ணீர்த்தொட்டி வரை நீண்ட கோடு

காலை பத்தேகாலுக்கு விசிலக்கா படியேறி வந்த வேகத்தில் கீழே இருந்த ஜெராக்ஸ் கடை மிஷினே ஒரு நொடி நின்றுபோனது என்று சுருக்கு பிற்பாடு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். அதில் பாதி புளுகு. மிஷின் நின்றது மின்சாரம் போனதால். ஆனால் படிகள் அதிர்ந்தது நிஜம்.

சுருக்கு என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. பதினோரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரியாக இருந்தவள். மற்றவர்கள் பேசியதையெல்லாம் வாய் திறக்காமல் எழுதி எழுதி, வேலையை விட்ட அன்றிலிருந்து பாக்கி வைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாய்த்த முதலாளியோ நாலு வார்த்தைக்கு மேல் போனால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுமாதமே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ஊருக்கே அவர் தபால்தான்.

"தபாலண்ணே, ஓடற வண்டியிலேர்ந்து என்னைக் கீழே தள்ளிட்டாங்க!" என்று ஒரு கடிதத்தை மேஜைமேல் அறைந்தார் விசிலக்கா.

பதினெட்டு வருஷம் பேருந்து நடத்துனராக இருந்து, மூன்று வருஷத்துக்கு முன் கிழக்குத் தொகுதியில் நின்று சட்டசபைக்குப் போனவர் அவர். பழைய விசில் இன்னும் அவர் கைப்பையில்தான் இருக்கிறது. ஒரு ஊதலுக்கு வண்டி நிற்கும், இரண்டு ஊதலுக்குக் கிளம்பும் என்பது கிழக்குத் தொகுதிக் குழந்தைக்கும் தெரியும்.

சுருக்கு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள். "‘திருத்தப்பட்ட எல்லையின்படி தங்கள் குடியிருப்பு கிழக்குத் தொகுதிக்கு வெளியே அமைவதால், நேற்று மாலை முதல் தாங்கள் உறுப்பினர் அல்லர்.’ அட, அடியில ‘அன்புடன்’னு வேற போட்டிருக்காங்க. எவ்வளவு பாசம்!"

"சட்டம் அப்படித்தான் இருக்கு" என்றார் விசிலக்கா. "என்னைக்குப் புது எல்லை கையெழுத்தாகுதோ அன்னைக்கே அமல். கோட்டுக்கு வெளியே வீடு இருந்தா அந்த நிமிஷமே பதவி போச்சு. ஓட்டுப் போட்ட சனத்தை ஒரு வார்த்தை கேக்கறது கிடையாது. இந்தக் கேவலத்தை மாத்தத்தான் ரெண்டு வருஷமா ஒரு மசோதாவைத் தூக்கிட்டு அலையறேன். ரூட்டை மாத்துங்கய்யா, வேணாங்கல. ஓடற பஸ்ல மாத்தாதீங்க. ஏறினவங்க இறங்கற இடம் வரட்டும், அடுத்த தேர்தல் வரட்டும், அப்ப புது ரூட்ல ஓட்டுங்க. இவ்வளவுதான் நான் கேக்கறது."

"ஓட்டெடுப்பு எப்போ?" என்றார் தபால்.

"இன்னிக்கு மூணு மணிக்கு. கொண்டுவந்த ஆளே எழுந்து படிக்கணும். ஆள் இல்லேன்னா மசோதா காலி."

சுருக்கு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால் மணி நேரம். வெறும் கேஸ் என்று இதை ஒதுக்க அவளால் முடியாது. தட்டெழுத்துப் பரீட்சை நாளில் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, கிளம்பிய வண்டியை ஒற்றை ஊதலில் நிறுத்தி ஏற்றிக்கொண்டவர் இந்த அக்கா. பின்னால் இருந்தவன் முணுமுணுத்ததற்கு, "உனக்கு அவசரம்னா நீ இறங்கி ஓடு" என்றவர். அந்தப் பரீட்சையில்தான் சுருக்கின் சோறு வந்தது.

"இது யார் வேலைன்னு சந்தேகமே இல்ல சார். வெண்கலம்தான்" என்றாள்.

மேற்குத் தொகுதி உறுப்பினருக்கு அந்தப் பட்டம் குரலால் வந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். ‘கோடு போட்டா போட்டதுதான்! வெளிய போனவன் போனவன்தான்!’ என்று அந்த மசோதாவுக்கு எதிராகச் சபையில் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பவர்.

"சந்தேகமே இல்லேன்னா நமக்கு இங்க என்ன வேலை?" என்றார் தபால். "ஓட்டுக் கணக்கு எப்படி, தங்கச்சி?"

"நமக்கு நாப்பத்தொண்ணு. அவங்களுக்கு நாப்பத்தேழு. வெண்கலம் கூடவே கை தூக்கறதுக்குன்னே நாலு பேர் இருக்காங்க. நான் படிச்சாலும் தோக்கத்தான் போறேன். ஆனா படிச்சுட்டுத் தோக்கணும் அண்ணே. வாயைப் பொத்தித் தோக்கடிக்கக் கூடாது."

"ஜெயிச்ச ஆட்டத்துல அவர் எதுக்குக் கள்ளாட்டம் ஆடணும்?"

சுருக்கிடம் பதில் இல்லை. அது அவளுக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் நடக்கும்.

"புது வரைபடம் முப்பது நாள் எல்லை ஆபீஸ் வாசல்ல தொங்குச்சு" என்றார் விசிலக்கா. "நானே போய்ப் பார்த்தேன். என் தெரு முழுக்க கிழக்குலதான் இருந்துச்சு. இன்னிக்கு ஃபைல்ல இருக்கற வரைபடத்துல கோடு வளைஞ்சு என் வீட்டைத் தாண்டிப் போகுது. பார்த்தேன்னு சொன்னா, வாய்ச்சொல் செல்லாதாம். தொங்கின தாள்தான் சட்டமாம், அது ஃபைல்ல இருக்காம்."

"போட்டோ எடுத்தீங்களா?"

விசிலக்கா வெட்கத்தோடு செல்போனை நீட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரைபடம். மேல் பாதி முழுக்க வெயில் அடித்த பளபளப்பு. நடுவில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் விசிலக்காவின் நிழல்.

"நல்ல போட்டோ அக்கா. சூரியன் அழகா விழுந்திருக்கு" என்றாள் சுருக்கு.

தபால் படத்தின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார். அவர் செருப்பை மாட்டினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லை நிர்ணய அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடம். வாசலிலேயே அந்தக் கண்ணாடிப் பெட்டி, இப்போது காலியாக. உள்ளே நாலு மூலையிலும் துருப்பிடித்த ஊசிகள் மட்டும் மிச்சம். கண்ணாடிப் பெட்டியின் உயரத்தைத் தபால் கையால் சாண் போட்டார். நாலு சாண்.

நடைவழியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பசை டப்பாவோடு பதிவேடுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார் அலுவலக உதவியாளர். அங்கே அவரைப் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணில் பட்ட எந்தப் பதிவேடும் அட்டையில்லாமல் போனதில்லை. சும்மா இருந்தால் மேஜைக்கே அட்டை போட்டுவிடுவார் என்று கேலி உண்டு.

"பேர், விலாசம், வந்த காரணம்" என்று பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார் பசை.

சுருக்கு மூவருக்கும் சேர்த்து எழுதினாள். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் ‘கோபம்’ என்று போட்டாள். பதிவேட்டை மூடும்போது அட்டையின் ஓரத்தில் விரல் உரசியது. துருக்கறையோடு சின்னதாக ஓர் ஓட்டை.

"என்னங்க, பதிவேட்டுக்குத் தோடு மாட்டப் போறீங்களா?"

பசை சிரிக்கவில்லை. பதிவேட்டை வாங்கிச் சட்டென்று அடுக்கின் அடியில் வைத்தார்.

எல்லை அதிகாரி கழுத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி என்று இரண்டு வைத்திருந்த அம்மாள். இரண்டையும் போடாமலே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விசிலக்காவைப் பார்த்ததும் பேனா நின்றது.

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லம்மா. ஃபைல் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்றேன்."

"அந்த ஃபைலைத்தான் கொஞ்சம் பேசவிடலாம்னு வந்தோம்" என்றார் தபால்.

வரைபடம் மேஜைமேல் விரிந்தது. கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் சிவப்புக் கோடு ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நேராக வந்து, ஓரிடத்தில் திடீரென்று நாக்கை நீட்டியதுபோலக் கிழக்குக்குள் புகுந்திருந்தது. நாக்கின் பாதியில் விசிலக்காவின் வீடு. நுனி தண்ணீர்த்தொட்டியில் போய் முடிந்தது. தாள் முழுக்கப் பழுப்பு. நாலு மூலையிலும் ஊசி ஓட்டை. மூலையில் முத்திரை, பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்து.

சுருக்கு குனிந்து மோந்து பார்த்தாள்.

"சார், இந்த மேப் டீ குடிச்சிருக்கு."

"என்னம்மா விளையாட்டு?" என்றார் அதிகாரி.

"சர்க்கரை போடாத டீ. நானும் கோர்ட்ல டீயில முக்கிப் பழசாக்கின பத்திரம் நிறையப் பார்த்திருக்கேங்க, மோந்தும் பார்த்திருக்கேன்."

தபால் வாசல் பக்கம் குரல் கொடுத்துப் பசையைக் கூப்பிட்டார். பசை வந்து, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"முப்பது நாள் வரைபடத்தைத் தொங்கவிட்டது நீங்கதானே?"

"நான்தாங்க."

"கண்ணாடிப் பெட்டி நாலு சாண். இந்தத் தாள் அஞ்சு சாண் இருக்கு. மீதி ஒரு சாணை என்ன பண்ணினீங்க?"

பசை அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்தார். "பின்னாடி மடிச்சு ஊசி குத்திடுவேங்க. எல்லா மேப்பையும் அப்படித்தாங்க. பெரிய பெட்டி கேட்டா பதினாறு கையெழுத்து வாங்கணும். அதுக்குள்ள எல்லையே மாறிடும்."

தபால் விசிலக்காவின் செல்போனை மேஜைமேல் வைத்தார். "இந்த போட்டோவுல பாருங்க. தாளோட அடியில அளவுகோலும் இல்ல, திசைக்குறியும் இல்ல. ரெண்டும் மடிப்புக்குப் பின்னாடி போயிருக்கு. இப்ப ஃபைல்ல இருக்கற தாளைப் பாருங்க. மடிப்பு எங்க?"

அதிகாரி கழுத்துக் கண்ணாடியைப் போட்டார். பிறகு அதைக் கழற்றித் தலைமேல் இருந்ததைப் போட்டார். எதைப் போட்டாலும் மடிப்பு இல்லை.

"உங்க பெட்டி ஊசியெல்லாம் துரு. இந்த ஓட்டையெல்லாம் சுத்தமா இருக்கு. வரைஞ்சவருக்கு வரைபடம் தெரியும். பெட்டி தெரியாது" என்றார் தபால்.

"வரைவாளர் நேத்துலேர்ந்து லீவு" என்று முனகினார் அதிகாரி. "நான் பார்த்துத்தானே கையெழுத்து..." அவருக்கே அந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பிடியை விடவில்லை. "இது போலின்னே வெச்சுக்குவோம். அசல் இல்லாம நான் எதை நம்பி ஆர்டர் போடறது?"

எல்லாரும் பசையைப் பார்த்தார்கள்.

"பழைய தாள் கிழிஞ்சுபோச்சு, புதுசு போட்டுட்டேன், அதைத் தூக்கிப் போட்டுடுன்னு வரைவாளர் ஐயா சொன்னாருங்க." குரல் நடுங்கியது. "நான் கிழிச்சுப் போட்டுட்டேங்க."

விசிலக்கா நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்த குரல் அடங்கிப்போயிருந்தது. "போகட்டும்யா. உன் மேல தப்பில்ல" என்றார் பசையிடம்.

அந்த ஒரு வார்த்தைதான் சுருக்கை உலுக்கியது. பதவி பறிபோகிற நேரத்தில், எதிரே நடுங்குகிற மனுஷனுக்கு ஆறுதல் சொல்கிற இந்த அக்காவையா வெளியே தள்ளப் பார்க்கிறார்கள்? கோபத்தில் அவள் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்தாள். விரலில் இன்னும் துருக்கறை ஒட்டியிருந்தது.

துரு.

அடுத்த நொடி அவள் நடைவழியில் இருந்தாள். அடியில் கிடந்த பார்வையாளர் பதிவேட்டை உருவிக்கொண்டு ஓடி வந்து மேஜைமேல் போட்டாள். "இவராவது, கெட்டித் தாளைக் கிழிக்கறதாவது! அட்டையைக் கழட்டுங்க சார்!"

பசை முகத்தைப் பொத்திக்கொண்டார். "நல்ல கெட்டித் தாளுங்க. கிழிக்க மனசு வரல. படம் உள்பக்கம் போற மாதிரி போட்டுட்டா யாருக்குத் தெரியும்னு..."

தபால், கடித உறை பிரிக்கிற பதமான கையால், ஒரு கிழிசல் விழாமல் அட்டையைப் பிரித்தார். மேலே நாலு சாண் வெயில் தின்ற பழுப்பு. கீழே ஒரு சாண் பளிச்சென்ற வெள்ளை. நடுவில் கத்தி வைத்தமாதிரி மடிப்பு. அதில் சிவப்புக் கோடு தண்டவாளத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. விசிலக்காவின் தெரு முழுசாகக் கிழக்கில் இருந்தது. முத்திரையும் அதே நாள், அதே மை.

விசிலக்கா எழுந்து நின்றார். அழவில்லை. அட்டை போட்ட பசையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை நல்லா இருக்கணும்யா" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றாமலே உத்தரவு எழுதினார். கடிதம் வாபஸ், அசல் வரைபடமே மாலையில் கையெழுத்தாகி அமலாகும், உறுப்பினர் உறுப்பினரே. சபைத் தலைவரிடம் சேர்க்கச் சொல்லி இரண்டு வரைபடங்களையும் அவர்களிடமே கொடுத்தார். மணி பன்னிரண்டரை.

"கேஸ் முடிஞ்சுது. சாப்பாடு யார் செலவு?" என்றாள் சுருக்கு.

தபால் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் வெளிய போனவங்களைப் பத்தியே பேசிட்டோம். உள்ளே வந்தது யாரு?"

"புரியல சார்."

"தங்கச்சியைத் தள்ளறதுக்காகத்தான் கோட்டை வளைச்சாங்கன்னா, அவங்க வீட்டோட நின்னிருக்கணும். அது ஏன் இன்னும் நாலு தெரு தாண்டித் தண்ணித்தொட்டி வரைக்கும் போகுது? நடுவுல வெறும் காலி மனை. இருபத்திரண்டு வருஷத்துல அந்தப் பக்கம் நான் ஒரு கடிதம்கூடக் கொண்டுபோனதில்ல."

"அப்போ?"

"இப்ப அங்க யாரோ இருக்காங்க."

தண்ணீர்த்தொட்டிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். காலி மனைகளுக்கு நடுவே, தொட்டியின் நிழலில், சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு புது மாடி வீடு. பெயர்ப்பலகை இல்லை. கடிதப் பெட்டி மட்டும் இருந்தது. ஆட்டோவை நிறுத்தியதும் ஓட்டுநர் கேட்டார், "யாருங்க மைக் வெச்சிருக்கறது?"

யாரும் மைக் வைத்திருக்கவில்லை. மாடி ஜன்னல் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே! கோடு போட்டா போட்டதுதான்! வெளிய போனவன்..." ஒரு இருமல். "வெளிய போனவன் போனவன்தான்!"

சுருக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துச் சிரித்தாள். சபையில் பேச வேண்டியதை வெண்கலம் சட்டையில்லாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், மேற்குத் தொகுதியிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, கிழக்குத் தொகுதியின் நடுவயிற்றில்.

விசிலக்கா கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினார். பேச்சு நின்றது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அந்தத் தலையின் முகம் வெளிறியதைக் கீழே இருந்தே பார்க்க முடிந்தது.

துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்த வெண்கலம், தபால் கையிலிருந்த இரண்டு வரைபடங்களையும் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லம்மா. வழியில உங்க வீடு இருந்துச்சு, அவ்வளவுதான்."

"வழியில இருந்துச்சா?" விசிலக்காவின் குரல் எழும்பியது. "அறுபதாயிரம் பேர் போட்ட ஓட்டு உங்க வழியில கிடந்த கல்லா?"

"தொகுதி தீவு மாதிரி தனியா நிக்கக் கூடாது, தொடர்ச்சியா இருக்கணும். மேற்குலேர்ந்து இங்க வர உங்க தெருவைத் தவிர வேற பாதை இல்ல." வெண்கலம் நெற்றியைத் துடைத்தார். "அஞ்சு மாசமா இங்கதான் இருக்கேன். பழைய வீட்டுல பேர்ப்பலகை மட்டும்தான் இருக்கு. புது எல்லை வரும்போது குடியிருப்பைச் சோதிப்பாங்கன்னு வரைவாளர்தான் சொன்னான். இங்க இருக்கறது தெரிஞ்சா அன்னைக்கே என் பதவி போயிடும்."

"அதுக்கு அக்கா மசோதாவை ஆதரிச்சிருக்கலாமே! அது வந்தா உங்க பதவியும் தேர்தல் வரைக்கும் பத்திரமா இருந்திருக்குமே!" என்றாள் சுருக்கு.

"ஆதரிச்சா, உனக்கு ஏன்யா திடீர்னு அக்கறைன்னு கேப்பாங்க. தோண்டுவாங்க."

"அதனால கத்திக்கிட்டே கோட்டை இழுத்துக்கிட்டீங்க" என்றார் தபால்.

வெண்கலம் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது அடுத்த மனை வரை கேட்டது. "ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். உங்க வீட்டை மட்டும் சுத்தி ஒரு சின்ன வளைவு போட்டு மறுபடி கிழக்குல சேர்த்துடச் சொல்றேன். இந்த அசல் தாள் காணாமப் போகட்டும். பதிலுக்கு நானும் என் நாலு பேரும் உங்க மசோதாவுக்குக் கை தூக்கறோம். மனசு மாறிடுச்சுன்னு சொல்லிக்கறேன். நாப்பத்தாறு, நாப்பத்திரண்டு. நீங்க ஜெயிச்சுடுவீங்க!"

சுருக்கு மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரெண்டு வருஷ உழைப்பு. தோற்கப் போகிற மசோதா இந்த வாசற்படியிலேயே ஜெயிக்கும். யாருக்கும் தெரியாது. ‘சரின்னு சொல்லிடுங்க அக்கா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்காக அவள் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

விசிலக்கா விசிலைக் கைப்பைக்குள் போட்டார். "என் வீட்டுக்கு மட்டும் வளைவு. என் தெருவுல மத்தவங்க?"

"அவங்க... மேற்குல இருந்துட்டுப் போறாங்க. அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

"பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன்" என்றார் விசிலக்கா. "பணக்காரன், பயில்வான், போலீஸ், சொந்தக்காரன், எவனையும் டிக்கெட் இல்லாம நான் ஏத்தினதில்ல. எனக்கு நானே ஓசி சவாரி போட்டுக்குவேன்னு நினைச்சீங்களா? இந்தத் தாள் இன்னிக்குச் சபையில தலைவர் கைக்குப் போகும். என் மசோதாவையும் படிப்பேன். நீங்க எந்தப் பக்கம் கை தூக்கணுமோ தூக்கிக்குங்க. தோத்தாலும் எனக்குக் கவலையில்ல."

"நான் ஒழிஞ்சேன்!"

"யோசிச்சுப் பாருங்க. ஒழியாம இருக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. அதைத்தான் ரெண்டு வருஷமா நான் கொண்டுவந்துட்டிருக்கேன்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "போலாம் ரைட்!"

மூன்று மணிக்குப் பார்வையாளர் மாடத்தில் தபாலும் சுருக்கும் முன்வரிசையில் இருந்தார்கள். பின்வரிசையில் பசை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் பசை டப்பா இல்லாததால் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

சபைத் தலைவர் எல்லை அதிகாரியின் உத்தரவைப் படித்தார். அசல் வரைபடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். போலி எப்படி வந்தது என்பது விசாரணைக்கு அனுப்பப்படும் என்றார். சபையில் சலசலப்பு. வெண்கலத்தின் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்த்தொட்டி வீட்டுச் சேதி அவருக்கு முன்னாலேயே சபைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை யார் பரப்பியது என்று சுருக்கிடம் கேட்க வேண்டாம்.

விசிலக்கா எழுந்தார். மசோதா ஒன்றரைப் பக்கம்தான். படித்து முடித்துத் தாளை மடித்தார்.

"இந்த அசல் வரைபடம் இன்னிக்குச் சாயங்காலம் அமலுக்கு வந்தா, கிழக்குல குடியிருக்கற மேற்குத் தொகுதி உறுப்பினருக்கு அந்த நிமிஷமே பதவி இல்ல. என்னைத் தூக்கப் பார்த்தவர் அவர். நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அவர் வெளிய போயிடுவார். ஆனா நான் உட்கார மாட்டேன். அவரைத் தேர்ந்தெடுத்தது மேற்குத் தொகுதி சனம். அவர் பண்ணின தப்புக்குச் சட்டம் விசாரிக்கட்டும். அவரை வீட்டுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு, சபைக்கு அனுப்பின சனம் முடிவு பண்ணட்டும். ஒரு சிவப்பு மைக்கோடு அதை முடிவு பண்ணக் கூடாது. வெளிய போறது என் எதிரியாவே இருந்தாலும் சரி. ஓட்டுக்கு விடுங்க."

பெயர் கூப்பிட்டு ஓட்டெடுப்பு. ஒவ்வொரு தொகுதியாக வாசிக்க வாசிக்க, ஆதரவு, எதிர்ப்பு, எதிர்ப்பு, ஆதரவு. சுருக்கு பழைய பழக்கத்தில் மடியில் சுருக்கெழுத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். வெண்கலத்தின் நாலு பேரும் தங்கள் முறை வந்தபோது, ‘பிறகு சொல்கிறோம்’ என்று நழுவி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேற்குத் தொகுதி?"

வெண்கலம் எழுந்தார். உதடு அசைந்தது.

"கேட்கவில்லை" என்றார் தலைவர்.

மறுபடி அசைந்தது. அந்தச் சபையின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு சேவகர் அவர் முன்னால் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்!" என்றார் விசிலக்கா.

"ஆதரிக்கிறேன்" என்றார் வெண்கலம்.

அடுத்த நிமிஷத்தில் நாலு குரல்கள் அவசர அவசரமாக அதையே சொல்லின. நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு. தலைவர் எண்ணிக்கையை அறிவித்து முடிப்பதற்குள் மாடத்தில் பசை எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார். காவலர் அவரை உட்காரச் சொல்லவில்லை. காவலரும் கிழக்குத் தொகுதிக்காரர்.

"சார், ஜெயிச்சுட்டோம் சார்" என்றாள் சுருக்கு. கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. இந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

"ம்" என்றார் தபால். கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே விசிலக்கா கைப்பையைத் திறந்தார். சபைக்குள் எந்த ஒலிக்கருவியும் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. வாசலில் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை அவரும் படித்திருப்பார்.

இரண்டு தடவை ஊதினார்.